பாதி ஜெபம்

சகல புனிதர் திருநாள் காலை. பூசைக்குப் போய்வந்த கறுப்புச் சால்வையைக்கூடக் கழற்றாமல் மிக்கேலினா அடுப்படியில் கோதுமை வேகவைத்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை இறந்தவர்களுக்கு மேசை பரப்ப வேண்டும். அந்தக் கோதுமை குழையவும் கூடாது, விறைத்துக்கொண்டு நிற்கவும் கூடாது. செத்தவர்களுக்குப் பல் போனாலும் ருசி போவதில்லை என்பது அந்த மலையூரின் நம்பிக்கை. மகள் நுன்சியா ஜன்னலோரம் உட்கார்ந்து மாதுளை உதிர்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் யாரோ செருமினார்கள்.

"தொனாத்தோ இருக்கானாம்மா?"

மிக்கேலினாவின் கையிலிருந்த கரண்டி பானைக்குள் நின்றுவிட்டது.

அந்தப் பெயரை அந்த வாசலில் யாரும் சொல்வதில்லை. முன்பிருந்த பாதிரியார் ஒருமுறை, "பையனுக்காக ஒரு பூசை வைக்கலாமே" என்று ஆரம்பித்து, குடித்துக்கொண்டிருந்த காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பூசை என்பது செத்தவர்களுக்கு. அவள் மகன் சாகவில்லை, போரிலிருந்து இன்னும் திரும்பவில்லை, அவ்வளவுதான். ருஷ்யப் பனியில் போய்விட்டான் என்று அழுது முடித்த பிறகு வீடு வந்து சேர்ந்தவர்கள் இல்லையா? இறந்தவர்கள் மேசையிலும் அவள் தொனாத்தோவுக்கு ஒருநாளும் தட்டு வைத்ததில்லை. தட்டு வைத்தால் தன் கையாலேயே பிள்ளையைக் கொன்றதாகும் என்பாள். புருஷன் கனியோ போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. இப்போது மேசையில் அவனுக்கு ஒரு தட்டு. அதோடு சரி.

வாசலில் நின்றவன் குட்டையான ஆள். முகத்தில் நீலநீலமாகத் தழும்புகள், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வருமே, அது. கையில் காகிதம் சுற்றிய ஒரு பாட்டில்.

"நான் எஜீதியோம்மா. அவனும் நானும் பட்டாளத்துல ஒரே பிரிவு. ஊரு கீழ கலாப்ரியா. சண்டை முடிஞ்சதும் பெல்ஜியத்துக்குப் போனவன்தான், இப்பதான் லீவு கிடைச்சுது. வழியில இறங்கி அவனை ஒரு பார்வை பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். கல்யாணம் ஆயிருக்குமே?"

நுன்சியா மாதுளையைக் கீழே வைத்தாள். "அண்ணன் சண்டையிலேர்ந்து திரும்பவே இல்லீங்களே."

அவன் சிரித்தான். பெண் விளையாடுகிறாள் என்று நினைத்தான் பாவம். "என்னம்மா சொல்றே? நானே கூட்டியாந்து விட்டேனே. உங்க வயல்லயே விட்டேன்."

மிக்கேலினா பானையை இறக்கினாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். கோப்பையில் திராட்சை மது ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். எதிரில் உட்கார்ந்துகொண்டு, "சொல்லு தம்பி. முதல்லேர்ந்து சொல்லு" என்றாள்.

அவன் சிரிப்பை விழுங்கிவிட்டுச் சொன்னான்.

"ராஜா சண்டையை நிறுத்திட்டார்னு ரேடியோவுல சொன்னதும் ஆளாளுக்குத் துப்பாக்கியை வீசிட்டு நடந்தோம். ஜெர்மன்காரன் கண்ணுல பட்டா ரயில்ல ஏத்திடுவான். அதனால உடுப்பை ஒரு குடியானவன்கிட்டக் குடுத்துட்டு அவனோட கந்தலை வாங்கி மாட்டிக்கிட்டோம். பூட்ஸை ரொட்டிக்கு வித்தாச்சு. அவன் கால்ல கோணியைச் சுத்திக்கிட்டுத்தான் நடந்தான். ராத்திரியில வைக்கோல்ல பக்கத்துல படுத்தா, அந்தக் கோணக்கை இருக்கே, இடது கை, அதை மடக்கத் தெரியாம என் விலாவுலயே இடிப்பான். இந்தக் கையோட உன்னைப் பட்டாளத்துல எப்படிடா எடுத்தாங்கன்னு கேட்டா, நடக்கிறதுக்குக் கை எதுக்குன்னுவான்."

"கோவேறு கழுதையிலேர்ந்து விழுந்தான்" என்றாள் மிக்கேலினா. "சின்ன வயசுல. எலும்பு கட்டினவன் குடிகாரன்."

"கீழ சிவிதாவுக்கு, அதான் அந்த இடிஞ்ச ரோமன் ஊருக்கு, வந்தப்போ பொழுது சாஞ்சிடுச்சு. மேல உங்க ஊர் ரோட்டுல பூரா ஜெர்மன்காரன் லாரி. அவனுக்கோ நல்ல காய்ச்சல், உடம்பு கொதிக்குது. ஒரு உயரமான ரோமன் சுவர், பக்கத்துல அத்திமரம். 'இதுதான் எங்க வயல். நான் இங்கயே படுத்துக்கறேன், காலையில அப்பா கழுதையோட வருவாரு. நீ நிக்காதே, இருட்டோட ஆத்தைத் தாண்டிடு'ன்னான். என் சால்வையைப் போத்திவிட்டேன். பாலத்துல காவல் இருந்துது, நான் தண்ணியில இறங்கிப் போனேன். அவன் வீடு சேந்திருப்பான்னுதான் இத்தனை வருஷமும்..."

அவன் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

மிக்கேலினாவுக்கு அந்தக் கணத்தில் வந்தது சந்தோஷம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் அதுதான் வந்தது. மகள் பக்கம் திரும்பி, "பாத்தியா? வயல் வரைக்கும் வந்திருக்கான். நான்தான் சொன்னேனே, அவன் வழி தெரியாதவன் இல்லைன்னு" என்றாள். வயல் வரை வந்தவன் அங்கிருந்து எங்கே போயிருப்பான்? ஊரில் ஜெர்மன்காரன் இருந்ததால் வேறு பக்கம் போயிருப்பான். யாராவது கண்டிருப்பார்கள். அவளுக்கு அந்த இடத்தை உடனே பார்க்க வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு, கழற்றாத சால்வையோடு படியிறங்கினாள். மற்ற இருவரும் பின்னால் ஓடினார்கள்.

கீழே பள்ளத்தாக்கில் பனிமூட்டம். அதற்குள்ளே சிவிதா கிடந்தது.

ஊர்க்காரர்களுக்கு ரோமானியர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரிதான், என்ன, கொஞ்சம் செருக்கோடு இருந்து காலி பண்ணிக்கொண்டு போனவர்கள். அவர்கள் விட்டுப்போன கல்லில்தான் மேலூரில் பாதி வீடுகள் நிற்கின்றன. கருமான் வீட்டுப் பன்றித் தொட்டி ஏதோ ஒரு ரோமானியப் பெரிய மனிதரின் சவப்பெட்டி. அவர் பெயரையும் பட்டங்களையும் பன்றி தினமும் முகர்ந்து பார்க்கிறது. வண்டித்தடம் பதிந்த கல்தெரு, கதவில்லாத வாசல்கள், ஆடு மேயும் நாடக அரங்கப் படிகள் எல்லாவற்றையும் மிக்கேலினா கண்ணை மூடிக்கொண்டே கடப்பாள். கோடையில் நகரத்துக்காரர்கள் வந்து படம் பிடிப்பார்கள். மழைக்காலத்தில் அந்த இடம் வெறும் ஈரக்கல்.

அங்கே ஏர் பிடித்தால் எலும்பு வராமல் இருக்காது. தொல்பொருள் ஆபீசுக்குச் சொன்னால் கயிறு கட்டி அளப்பார்கள், ஒரு விதைப்பு போய்விடும். அதனால் யாரும் சொல்வதில்லை. எலும்பை மடியில் அள்ளிக்கொண்டு போய், சிவிதா நடுவிலிருக்கும் பாழ்ங்கிணற்றில் போட்டுவிடுவார்கள். போட்டதும் ஒரு ஜெபம், அதுவும் பாதிதான். 'ஆண்டவரே, இவருக்கு நித்திய இளைப்பாற்றியைத் தாரும்' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். 'முடிவில்லாத ஒளி இவர்மேல் ஒளிர்வதாக' என்ற மறுபாதி ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டும். அஞ்ஞானிக்குத் தூக்கம் போதும், வெளிச்சம் எதற்கு என்று எந்தக் காலத்துப் பாதிரியாரோ சொல்லிவைத்தது, சட்டமாகிவிட்டது.

காவல்காரன் சவேரியோ தன் குடிசை வாசலில் கணப்புப் போட்டுக் கைகாய்ந்துகொண்டிருந்தான்.

"என்ன அத்தை, திருநாளும் அதுவுமா? மாமா விட்ட வேலையைப் பாக்க வந்தீங்களா?"

"என்ன வேலை?"

"மெழுகுவத்திதான். மாமா போனதிலேர்ந்து நம்ம ரோமானியனுங்க ரெண்டு வருஷமா இருட்டுல கிடக்கிறானுங்க. ஒருத்தன் புகார் குடுக்கல பாருங்க, பாவம்."

மிக்கேலினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது அவளுக்குப் பழைய எரிச்சல். ஒவ்வொரு வருடமும் இறந்தவர்கள் நாளில் கனியோ தனியாகக் கிளம்பி வந்து அந்தக் கிணற்றடியில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவான். ஊரே சிரித்தது. பாதி ஜெபத்தோடும் நிறுத்தமாட்டானாம், முழு ஜெபத்தையும் சொல்வானாம். "மாமா, இப்படியே போனா நீங்க சீசருக்கே ஞானஸ்நானம் குடுத்துடுவீங்க" என்று சவேரியோ சொன்னானாம். கனியோ சிரிக்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வீட்டில் அவள்தான் கத்துவாள். "சொந்தப் பிள்ளை எங்கன்னு தேடத் துப்பில்ல, ஊர்பேர் தெரியாத அஞ்ஞானிக்கு விளக்குப் பிடிக்கிறே. மெழுகுவத்தி என்ன மரத்துலயா காய்க்குது?" அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவான். கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோதும் அவளை அருகே அழைத்து, "சிவிதாக் கிணத்துல... மெழுகுவத்தி... விட்டுடாதே" என்றான். அவள் "சரி, சரி" என்றாள். செய்யவில்லை. சாகிறவன் எதையோ உளறுகிறான் என்று நினைத்தாள்.

வயலுக்கு வந்தார்கள். எஜீதியோ அத்திமரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சுற்றிலும் தேடினான். அங்கே இடுப்பளவு உயரத்தில் ஓர் ஆட்டுப்பட்டிதான் இருந்தது.

"மரம் இதேதான். சுவர் எங்கம்மா?"

"விழுந்து ரொம்ப நாளாச்சு தம்பி. ஜெர்மன்காரன் போறப்ப பாலத்துக்கு வெடி வெச்சான் பாரு, அன்னிக்கு. ரெண்டாயிரம் வருஷம் நின்னது, அவன் ஒரு தும்மு தும்மினான், சாஞ்சிடுச்சு. அந்தக் கல்லை எடுத்துத்தான் இவங்கப்பா பட்டி கட்டினாரு."

ஊரில் எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வேடிக்கை அது. அவளும் பழக்கத்தில் சொல்லிவிட்டாள்.

எஜீதியோ தொப்பியைக் கழற்றினான். "பாலம் வெடிச்சது விடியக்காலையிலம்மா" என்றான் மெதுவாக. "நான் அவனை விட்டுட்டுப் போனதுக்கு மறுநாள் விடியக்காலை. அக்கரை மேட்டுல ஏறிக்கிட்டிருந்தேன். தரை ஆடிச்சு. திரும்பிப் பாத்தேன், ஒரே புழுதி."

மிக்கேலினா பட்டியின் கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாட்களில் குடும்பத்தோடு மலைக்குகைகளில் ஒளிந்திருந்தார்கள். திரும்பி வந்தபோது சுவர் குவியலாகக் கிடந்தது. அதன்மேல் முள் படர்ந்தது. சில வருடம் கழித்து ஒரு வசந்தகாலத்தில், பட்டி கட்டலாம் என்று கனியோவும் அவளும் கல்லைப் புரட்டினார்கள். அடியில் ஒருவன் கிடந்தான். முழங்காலை மடக்கி, குளிரில் சுருண்டு படுத்தவன்போல ஒருக்களித்துக் கிடந்தான். துணியில்லை, பொத்தானில்லை, செருப்பாணியில்லை, மண்ணேறிய எலும்புதான். ரோமன் சுவருக்கு அடியில் கிடப்பவன் வேறு யாராக இருப்பான்?

"பாரு, ரோமானியன் இன்னும் எந்திரிக்கல" என்றான் கனியோ. அவள் சிரித்தாள். தான் சிரித்தது அவளுக்கு இப்போது நன்றாக நினைவு வந்தது.

மண்டையோட்டையும் கால்களையும் விலாக்களையும் அவள்தான் மடியில் அள்ளினாள். கனமே இல்லை. கிணற்றடிக்குப் போய் மடியை உதறினாள். கீழே போய் விழுந்த சத்தம் கேட்டது. பாதி ஜெபம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். கனியோ ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தான். கையில் இரண்டு மூன்று எலும்புகள். அவற்றைப் பொருத்திப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன, ரோமானியன் கையைப் புடிச்சுக் கல்யாணம் பண்ணிக்கப் போறியா?" என்று அவள் கேட்டாள்.

"போட்டுட்டியா?" என்றான்.

"போட்டாச்சு. மிச்சத்தையும் குடு."

"நீ வீட்டுக்குப் போ. இதை நான் பாத்துக்கறேன்." அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வெயில் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அவள் ரொட்டி சுடப் போய்விட்டாள்.

"அம்மா?" என்றாள் நுன்சியா. "என்னம்மா, ஏன் இப்படி நிக்கிறே?"

மிக்கேலினா கல்தெருவில் திரும்பி நடந்தாள். கிணற்றின்மேல் ஆபீஸ்காரர்கள் இரும்புக் கம்பி போட்டுப் பூட்டியிருந்தார்கள். சாவியோடு சவேரியோ பின்னாலேயே வந்தான்.

"உள்ள என்ன இருக்குது அத்தை? எலும்புதான்."

"தொற."

அவன் திறந்தான். உள்ளே எட்டிப் பார்த்தாள். இருட்டு மட்டும்தான் தெரிந்தது. கைப்பிடிச் சுவரில் காற்றுப்படாத ஒரு மூலையில் மெழுகு உருகி, அதன்மேல் அதற்கடுத்த வருடத்து மெழுகு உருகி, கட்டிகட்டியாக உறைந்திருந்தது. அதை விரலால் தொட்டாள். விரல் அங்கேயே நின்றுவிட்டது.

அந்த மனிதனுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கே தெரிந்திருக்கிறது. கோணிய கையைப் பார்த்த நிமிடமே பெற்றவனுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குள் அவள் மடியை உதறிவிட்டு வந்து நின்று வேடிக்கை பேசினாள். என்ன சொல்வான்? நீ போட்டது உன் பிள்ளையை என்றா? அவள் தட்டு வைக்காமல் பிடிவாதம் பிடிக்கும்போதெல்லாம், பாதிரியாரை விரட்டும்போதெல்லாம், சொந்தப் பிள்ளையைத் தேடத் துப்பில்லை என்று திட்டும்போதெல்லாம், ஊமை கண்ட கனவாக அதை உள்ளேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் நம்பிக்கையோடு இருக்கட்டும் என்று இருந்தான்.

"உங்க அண்ணன் இதுக்குள்ளதான் இருக்கான்" என்றாள் நுன்சியாவிடம். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "நான்தான் போட்டேன். என் மடியில தூக்கியாந்து போட்டேன். உங்கப்பாவுக்குத் தெரியும்."

நுன்சியா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சவேரியோ முகத்தில் இருந்த குறும்பெல்லாம் வடிந்துவிட்டது. "ஆபீஸ்ல சொல்லி, ஆளை இறக்கி..." என்று இழுத்தான். பிறகு அவனே, "அதுக்கப்புறம் எத்தனை பேர் எத்தனை கொட்டியாச்சு அத்தை" என்று முடித்தான்.

எஜீதியோ கிணற்றுச் சுவரில் நெற்றியை வைத்து அழுதான். "நான் அவனை இழுத்துக்கிட்டுப் போயிருக்கணும். தூக்கிக்கிட்டாவது போயிருக்கணும்."

"நீ அழாதே" என்றாள் மிக்கேலினா. "நீ வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டே. வாங்கிக்க வேண்டியவ நான். ரோமானியன்னு சொல்லித் தூக்கிப் போட்டுட்டேன்."

அங்கேயே மறுபாதி ஜெபத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். வாயைத் திறந்தாள். வரவில்லை. அதைச் சொன்னால் தொனாத்தோ செத்துவிடுவான். இத்தனை வருடம் காத்தவளுக்கு அந்த ஒரு வரியைத் தாண்ட முடியவில்லை. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மேட்டில் ஏற ஆரம்பித்தாள். சவேரியோ தன் குடிசையிலிருந்து ஒரு மெழுகுவர்த்தி கொண்டுவந்து அந்த மூலையில் ஏற்றினான். ஏறும் வழியில் அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பனியில் ஒன்றும் தெரியவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் நுன்சியா மேசை விரிப்பைப் போட்டாள். குடத்தில் புதுத்தண்ணீர், ரொட்டி, மது, திராட்சைப்பாகும் மாதுளையும் கலந்த கோதுமை. கோதுமை பாதி வேக்காட்டில் இறக்கியது, விறைத்துத்தான் இருந்தது. எஜீதியோ அன்றைக்குப் போகவில்லை. பெல்ஜியத்திலிருந்து கொண்டுவந்த பாட்டிலைத் தயங்கித் தயங்கி மேசை ஓரத்தில் வைத்தான்.

மிக்கேலினா கனியோவின் தட்டை அவன் எப்போதும் உட்காரும் இடத்தில் வைத்தாள். அந்த நாற்காலியைப் பார்த்து, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாவி மனுஷா" என்றாள். "ரெண்டு பேருமா சுமந்திருப்போம். மெழுகுவத்திக்குக்கூடத் திட்டினேனே உன்னை." அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நுன்சியா பிடிக்க வந்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

அழுது முடித்துவிட்டு அலமாரியைத் திறந்து இன்னொரு தட்டை எடுத்தாள். தூசி படிந்திருந்தது. சால்வை நுனியால் துடைத்தாள். கனியோவின் இடத்துக்கு வலப்பக்கத்தில் வைத்தாள். சின்ன வயதிலிருந்து மகன் உட்காரும் இடம் அதுதான். கோதுமையை இரண்டு கரண்டி போட்டாள். பிறகு கையைக் கூப்பிக்கொண்டு, அன்றைக்குக் கிணற்றடியில் விட்ட இடத்திலிருந்து, சத்தமாகவே சொன்னாள்.

"முடிவில்லாத ஒளி இவன்மேல் ஒளிர்வதாக."

"ஆமென்" என்றார்கள் மற்ற இருவரும்.

இரண்டு தட்டுகளும் நெருங்கி இருந்தன. அந்தக் கை மடங்காதே, அப்பாவை இடிப்பானே என்று, கனியோவின் தட்டைச் சற்றுத் தள்ளி வைத்தாள்.